மூடியத் தொறக்காதீங்க

அந்தப் பொட்டிய மடி மேலயே வெச்சுட்டு எத்தன நேரம் உக்காந்துட்டு வருவ கண்ணு? எறக்கிக் கால்கிட்ட வெய்யி, ஒண்ணும் ஆகாது. அட்டையில இருக்கற படத்தப் பாத்தொடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஸ்லோ குக்கருதான? எங்கூட்டுலயும் இதே சட்டிதான். இதே செவப்பு. கல்யாணத்துக்கு யாரோ குடுத்ததா? அதான பாத்தன்.

நீ எங்க எறங்கற? அவினாசியா? நானும் அங்கதான். அப்பச் சரி. இந்த பஸ்ஸு போற போக்குக்கு உனக்கு எல்லாத்தையும் சொல்லிப்போடலாம். எங்கிட்டக் கேக்காம நீ பாட்டுக்குப் பிளக்கச் சொருகீராத.

எம்பேரு கலாமணி. கோயமுத்தூர்ல ஒரு பெரிய துணிக்கடையில பட்டுச் செக்சன்ல நிக்கறன். நிக்கறன்னு சொன்னா நெசமாவே நிக்கறதுதான். பொழுது சாஞ்சு இப்படி பஸ் ஏறறப்பத்தான் உக்கார்றது. வூட்டுக்குப் போனா மறுபடி அடுப்புகிட்ட நிக்கோணும். எம்பொண்ணு மைதிலி பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறா. அவதான் எம்மேல எரக்கப்பட்டு இத அனுப்பிச்சா. "அம்மா, காத்தால எல்லாத்தையும் உள்ள போட்டு மூடிட்டுப் போயிரு. நீ திரும்பி வர்றப்ப அதுவே வெந்திருக்கும்"னா. கூடவே போன்ல ஒரு வீடியோவும் அனுப்பிச்சா.

டெக்சாஸ்ல இருக்கற ஒரு தமிழ்ப்பொண்ணு. 'அடுப்படிக்கு லீவு'ன்னு சேனல் பேரு. "ஹாய் அக்காஸ்"ன்னு சிரிச்சுட்டே வரும். மூஞ்சியில ஒரு பொட்டு வேர்வை இருக்காது. அத எடுத்துப் போடும், இத எடுத்துப் போடும், மூடும், காரு ஏறி வேலைக்குப் போயிரும். ஒண்ணே ஒண்ணத்தான் அழுத்தி அழுத்திச் சொல்லும். மூடியத் தொறக்காதீங்க. என்ன ஆனாலும் மூடியத் தொறக்காதீங்க. தொறந்தீங்கன்னா உள்ள இருக்கற சூடு பூராப் போயிரும்.

எங்கூட்டுக்காரரு பேரு சென்னியப்பன். அவரு அப்ப வூட்டுலதான் இருந்தாரு. தெனமும் அவருகிட்டச் சொல்லிட்டுத்தான் கெளம்புவன். "ஏனுங்க, இதத் தொறந்து கிறந்து பாத்துப்போடாதீங்க. கோயில்ல கருவற மாதிரி நெனச்சுக்கோங்க. தள்ளி நின்னு பாக்கோணும்."

"ம்"பாரு.

அவரு அப்ப பேசறதே அந்த "ம்" ஒண்ணுதான் கண்ணு. அதையும் சொல்லிப்போடறன், இல்லீன்னா உனக்குப் புரியாது. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தவரு. துணிய அடுக்கடுக்கா விரிச்சு அளவு போட்டு வெட்டுனாருன்னா, மேல இருக்கற துண்டுக்கும் அடியில இருக்கற துண்டுக்கும் ஒரு நூலு வித்தியாசம் இருக்காது. கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர் மிசின் எறக்குனாங்க. அது பாட்டுக்கு வெட்டுது. "மாஸ்டர், நீங்க வூட்டுல ரெஸ்ட் எடுங்க"ன்னு மாலை போட்டு அனுப்பிச்சுட்டாங்க. வந்து நாற்காலியில உக்காந்தவருதான். காத்தால குளிச்சு, சட்டை போட்டு, தலை சீவி, எங்கயோ போறவராட்ட உக்காந்துக்குவாரு. போகமாட்டாரு. மைதிலி போன் பண்ணுனா "ம்"முன்னுட்டு எங்கையில குடுத்துருவாரு.

நான் சும்மா இருப்பனா? எங்க கடையிலயே செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லி வெச்சு, யூனிபார்ம் சட்டையையும் வாங்கிட்டு வந்துட்டன். போட்டுப் பாத்தாரு. கண்ணாடி முன்னால கொஞ்ச நேரம் நின்னாரு. கழட்டி, கடையில மடிச்சாப்பல மடிச்சு, எங்கையில திருப்பிக் குடுத்துட்டாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

சரி, சட்டிக்கு வர்றன்.

மொதல்ல செஞ்சது சிக்கன் சில்லி. பேரக் கேட்டுட்டு நான் பச்சமொளகாய அள்ளிப் போட்டுட்டன். பீன்ஸ் போடுங்கன்னுச்சு அந்தப் பொண்ணு. நானும் சந்தையில புதுசா வாங்கியாந்து போட்டன். அங்க பீன்ஸுன்னா கொட்டையாமா, ராஜ்மா மாதிரி. எனக்கென்ன தெரியும்? பொழுதோட வந்து தொறந்தா கோழியும் நாரு, பீன்ஸும் நாரு, எது எந்த நாருன்னே தெரியல. அவரு சாப்புட்டாரு. கண்ணுல தண்ணி ஊத்துது. "காரமுங்களா"ன்னன். "ம்"னாரு.

அப்பறம் செலரின்னு ஒண்ணு சொல்லுச்சு. ஒரு தண்டாமா அது. நம்மூர்ல தண்டுன்னா என்ன? வாழத்தண்டுதான? அதப் போட்டன். அடுத்து வெண்பொங்கல். அந்தப் பொங்கல கட்சிக்காரங்க பாத்திருந்தா பக்கெட்டோட வாங்கிட்டுப் போயிப் போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. சாம்பாரு வெச்சன். பருப்பு வெந்திருந்துச்சு, காய் வெந்திருந்துச்சு, புளியும் இருந்துச்சு. ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசவே இல்ல. எங்கூட்டு முன்பக்க ஆசாரத்துல நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கறாப்பல.

ஆனா நான் விடல கண்ணு. அந்தப் பொண்ணுக்கே கமெண்ட்டு போட்டன். "மேடம், வாழத்தண்டு கரைய மாட்டேங்குதுங்க"ன்னு. அது ஒரு சிரிப்பும் ஒரு ஹார்ட்டும் போட்டுச்சு. டெக்சாஸ்ல இருந்து ஒருத்தி நமக்கு ஹார்ட்டு போடறா, நாம விட்டுட முடியுமா?

மழை புடிக்கற மாசம் வந்துச்சு பாரு, அப்ப ஒரு நாளு பூசணிக்காக் கூட்டு. நடை தாண்டி உள்ள வர்றன், வாசம் தூக்குது. தொறந்து ஒரு கரண்டி வாயில போட்டன். அடேங்கப்பா! எங்கைக்கு இப்படி வருமான்னு எனக்கே மலைப்பு. அடுத்த நாளு தட்டப்பயறு. அதுக்கடுத்து முருங்கக்காச் சாம்பாரு. ஒண்ண ஒண்ணு தூக்கிச் சாப்புடுது. கடையில டிபன்பாக்ஸத் தொறந்தா கூட நிக்கற புள்ளைங்க கைய வுட்டுருவாளுக. நான் எல்லாத்துக்கும் வெளக்கம் சொல்லுவன். "மெதுவா வேகோணும்டி. அவசரப்பட்டா ருசி எறங்காது. மூடியத் தொறக்கப்படாது."

சின்னச் சின்னதா சில விசயம் மட்டும் புரியல. நான் தூக்கக் கலக்கத்துல நறுக்கிப் போடற கேரட்டு ஒண்ணு கட்டைவெரலு தண்டி இருக்கும், ஒண்ணு காகிதமாட்ட இருக்கும். வெந்து வர்றப்ப அத்தனையும் ஒரே அளவு. சட்டைக்குப் பட்டனாத் தெக்கலாம். மெதுவா வெந்தா எல்லாம் ஒரே அளவுக்குச் சுருங்கிரும்போலன்னு நெனச்சுட்டன். சிரிக்காத கண்ணு. நான் கடுகே போடல, கொழம்புல கடுகு மெதக்குது. மொளகாப்பொடி பாக்கெட்டுல கலந்து வந்திருக்கும்னு நெனச்சன். கலப்படம் எங்கதான் இல்ல?

கேஸு மிச்சமாகும்னுதான இந்தச் சட்டியே? சிலிண்டரு முன்னவிடச் சீக்கிரமாத் தீருது. ஏஜென்சிக்காரங்கள போன்ல புடிபுடின்னு புடிச்சுட்டன். அந்தாளு பாவம், தராசோட வந்து எடை போட்டுக் காட்டுனாரு. எடை சரியாத்தான் இருந்துச்சு. நான் தராசச் சந்தேகப்பட்டன். வூட்டுக்குப் பின்னால பொடக்காளியில கறிவேப்பில மரம் வேற நாளுக்கு நாளு மொட்டையாயிட்டே வருது. எதுத்தூட்டுப் பாப்பாத்தியக்கா ஆடு வளக்கறாங்க. உங்க ஆட்டக் கட்டிப்போடுங்கன்னு சண்டைக்கே போயிட்டன். அவங்க என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "சரி சாமி, கட்டிப்போடறன்"னுட்டு உள்ள போயிட்டாங்க.

நீ மறுபடியும் சிரிக்கற. சிரி. உனக்கு வெளங்கிருச்சு. எனக்கு வெளங்கறதுக்குத் தை மாசம் ஆயிப்போச்சு.

அன்னிக்கி கடையில நிக்க முடியாத தலைவலி. சூப்பர்வைசரே, "யக்கா, வூட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பிட்டாரு. உச்சிப்பொழுதுக்கு வந்து எறங்குனன். காலக் கழுவிட்டு உள்ள போலாம்னு பொடக்காளிப் பக்கமா வர்றன், எண்ணெயில கடுகு பொரியற சத்தம். கூடவே பேச்சுச் சத்தம். யாரோ ஒறம்பரை வந்திருக்கறாங்கன்னு நெனச்சன். ஏன்னா அவரு பேசிட்டிருக்கறாரு.

சன்னல் வழியாப் பாத்தன். லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு, தோள்ல துண்டப் போட்டுட்டு அடுப்புகிட்ட நிக்கறாரு எங்கூட்டுக்காரரு. என்ற செவப்புச் சட்டி கழுவித் தொட்டியில குப்புறக் கெடக்குது. நான் காத்தால போட்டுட்டுப் போன காயெல்லாம் தட்டுல. ஒண்ணொண்ணா எடுத்து, நான் வெட்டுனத மறுபடி அளவா வெட்டி வெச்சிருக்கறாரு. எண்ணெத் தகரத்து மேல போனச் சாத்தி வெச்சிருக்குது. அதுல யாரு? டெக்சாஸ்காரி.

அவளோட சண்டை போட்டுட்டிருக்கறாரு கண்ணு.

"அதெப்படி அம்மிணி, வெங்காயத்த வதக்காம அப்படியே போடச் சொல்ற? உங்கூட்டுக்காரரு ஒண்ணுமே கேக்க மாட்டாரா?" வீடியோவ நிறுத்துவாரு. கிண்டுவாரு. உள்ளங்கையில ரெண்டு சொட்டு வுட்டு நக்கிப் பாப்பாரு. "புளி இப்பப் போட்டாக் காய் வேகுமா? யாருகிட்டப் படிச்ச நீயி?" மறுபடி ஓட வுடுவாரு. அது சிரிச்சுட்டே, "மூடியத் தொறக்காதீங்க அக்காஸ்"ங்குது.

"நான் தொறப்பன்"னாரு.

எத்தன மாசமாச்சு அந்தக் கொரலக் கேட்டு. சன்னல் கம்பியப் புடிச்சுட்டு அப்படியே நின்னன். சிரிப்பு வருதா அழுகை வருதான்னே தெரியல. உள்ள போயி, "மாட்டிக்கிட்டீங்களா"ன்னு கேக்கோணும்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டன்.

ஏன்னு கேக்கறயா? ஆடி மாசத்துல ஒரு நாளு பழைய பெயிண்ட் டப்பாவுல மண்ணப் போட்டு ரெண்டு தக்காளி நாத்து வெச்சாரு. தண்ணி ஊத்துனாரு, பக்கத்துல உக்காந்து பாத்தாரு. எனக்குச் சந்தோசம் தாங்கல. வீதி பூரா, "எங்கூட்டுக்காரரு தோட்டம் போட்டிருக்கறாரு, வந்து பாருங்க"ன்னு சொல்லிப்போட்டன். நாலு பேரு வந்து, "மாஸ்டரு வெவசாயத்துல எறங்கிட்டாருங்கோ"ன்னு தமாசு பண்ணிட்டுப் போனாங்க. அன்னிக்கி வுட்டவருதான், அந்தச் செடி காஞ்சு கருவாடாகற வரைக்கும் அந்தப் பக்கமே போகல. அதான் கண்ணு. நான் பாத்துட்டன்னு தெரிஞ்சா நாளைக்கு மறுபடி சட்டையப் போட்டுட்டு நாற்காலியில உக்காந்துக்குவாரு.

சத்தங்காட்டாம வெளிய வந்து பாப்பாத்தியக்கா வூட்டுக்குப் போனன். "அக்கா, தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்க, கொஞ்ச நேரம் இங்கயே படுத்துக்கறன்"னன். "ஏன், உங்கூட்டுக்கு என்னாச்சு"ன்னாங்க. அப்பறம் அவங்களே எங்கூட்டுப் பக்கம் மூக்க நீட்டி மோந்து பாத்துட்டு, பாயப் போட்டாங்க. நான் வந்தத அவருகிட்டச் சொல்லவே படாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் படுத்தன்.

பொழுது சாஞ்சு, பஸ்ஸுல வந்தவளாட்ட பையத் தோள்ல போட்டுட்டு உள்ள போனன். எல்லாம் சட்டிக்குள்ள எறங்கி, மூடி போட்டு, வார்ம்ல திருகி வெச்சு, அடுப்பு மேடை தொடச்சு, என்னமோ காத்தால இருந்து யாரும் தொடாதவாட்ட இருக்குது. நான் மூடியத் தொறந்து, "அடடா, டெக்சாஸ் பொண்ணு கைவண்ணமே கைவண்ணம்"னன். அவரு தட்டு எடுத்து வெச்சுட்டே, "தலைவலி தேவலையா?"ன்னு கேட்டாரு.

"தேவலைங்க"ன்னன்.

பாத்தியா கண்ணு? நான் மூச்சு வுடல. மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருக்கறாரு. அப்படியாப்பட்ட மனுசன்கிட்ட ஒரு ரகசியத்த மறைக்கறது எத்தன செரமம்னு நெனச்சுப் பாரு. ஆனா மறைச்சுட்டனே. அன்னிக்கி மத்தியானம் நான் வந்து நின்னது இன்னிக்கி வரைக்கும் அவருக்குத் தெரியாது. பாப்பாத்தியக்காவும் நல்லவங்க, வாயே தொறக்கல.

அதுக்கப்பறம் எனக்கு வேலையே வேற. மார்க்கெட்டுல பிஞ்சு காயாப் பொறுக்கி வாங்கியாருவன். "கடையில கிப்ட்டாக் குடுத்தாங்க"ன்னு ஒரு நல்ல கத்திய மேடை மேல வெச்சன். "நாளைக்கு அவரைக்கா போடட்டுமா, பச்சப்பயறு போடட்டுமா"ன்னு சும்மா கேப்பன். மொதல்ல "ம்"னாரு. அப்பறம் "பயறு"ன்னாரு. அப்பறம், "அவரைக்கா முத்தலா இருக்குது, பயறே போடு, கூட ரெண்டு சின்னவெங்காயம் எச்சா வெச்சுட்டுப் போ"ன்னாரு. ஒரு மனுசனுக்குப் பேச்சு திரும்பி வர்றதப் பாக்கறது, கொழந்த நடக்கப் பழகறதப் பாக்கறாப்பல இருக்குது கண்ணு. கைதட்டுனா வுழுந்துரும்.

இப்படி ஓடிட்டிருக்கறப்ப மைதிலிக்கு அன்னூர்ல இருந்து ஒரு எடம் வந்துச்சு. பையனும் பெங்களூர்லதான். ரெண்டும் பேசிப் பாத்து, புடிச்சுருச்சு. பெரியவங்க பேசி முடிக்கோணும். ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்கு வர்றம்னு சொல்லி வுட்டாங்க. எங்கூட்டுக்காரரப் பத்திக் கேட்டதுக்கு நான், "சொந்தமா ஜாப் ஒர்க் எடுத்துக் கம்பெனிகளுக்குத் துணி வெட்டிக் குடுக்கறாருங்க"ன்னு சொல்லி வெச்சிருந்தன். பொண்ணுக் கல்யாணம், வேற என்ன சொல்ல?

மைதிலி மொத நாளே வந்துட்டா. "அம்மா, போன தடவ வந்தப்ப ஸ்லோ குக்கர்ல ஒரு எண்ணெக் கத்திரிக்காக் கொழம்பு வெச்சிருந்தியே, அதையே வெய்யி. அவங்கம்மா சமையல்ல பெரிய ஆளு. அசந்து போகோணும்"ங்கறா.

நான் அவரப் பாத்தன். அவரு மோட்டுவளையப் பாத்தாரு. அந்த ஞாயித்துக்கெழம நான் கடைக்கு லீவு சொல்லியிருந்தன். காத்தால இருந்து நான் வூட்டுலதான இருப்பன்? நான் இருந்தா அவரு எப்படி அடுப்புகிட்டப் போவாரு?

ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் குளிச்சுட்டு, டெக்சாஸ்காரி சொன்னாப்பலயே எல்லாத்தையும் பச்சையா உள்ள போட்டு மூடிட்டன். மூடிட்டுச் சட்டியப் பாத்துட்டு நிக்கறன். அவரு வாசப்படியில வந்து நின்னாரு. போனாரு. மறுபடி வந்து நின்னாரு. தண்ணி குடிச்சாரு. இன்னொரு சொம்பு குடிச்சாரு. கத்திரிக்கா உள்ள வேர்க்க ஆரம்பிக்கறது கண்ணாடி மூடி வழியாத் தெரியுது.

ஃப்ரிட்ஜத் தொறந்து உள்ள பாத்துட்டே, "பூ வாங்கலியா நீயி?"ன்னாரு.

"அதான், நானும் இப்பத்தான் நெனச்சன், போயி வாங்கியாந்தர்றன்"னன்.

"அம்மா, நேத்தே வாங்குனியே, இதா ஃப்ரிட்ஜ்ல அப்பா கண்ணு முன்னாலயே இருக்குதே"ங்கறா மைதிலி.

"அது வாடிப்போச்சு"ன்னாரு அவரு. "அது பத்தாது"ன்னன் நானு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. "நீயும் அம்மாகூடப் போ"ன்னு அவளையும் தொரத்தி வுட்டாரு.

கோயில் வீதியில அவ கையப் புடிச்சுட்டு இந்த முக்குக்கும் அந்த முக்குக்கும் நடக்கறன். பூக்காரம்மா, "ஏக்கா, எத்தன மொழம் வேணும்னு ஒரு முடிவுக்கு வாங்க"ன்னு சத்தம் போடுது. "ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு"ங்கறா இவ. நான் சாமி கும்பிட்டன். மறுபடி கும்பிட்டன். கத்திரிக்கா வதங்கறதுக்கு எத்தன நேரமாகும்னு எனக்குத் தெரியாதா? திரும்பி வந்தா அடுப்பு மேடை பளிச்சுன்னு இருக்குது. அவரு வெள்ள வேட்டி சட்டையில, தலை சீவி, நாற்காலியில உக்காந்து பேப்பரு படிக்கறாரு. பேப்பரு தலைகீழா இருந்துச்சு.

ஒறம்பரை வந்தாங்க. மாப்ளையோட அம்மா பேரு வசந்தாமணி. நல்ல ஒசரம், நல்ல கணீர்னு கொரலு. எலையில உக்காந்து கொழம்ப ஊத்திப் பெசஞ்சு ஒரு வாய் வெச்சாங்க. நிறுத்துனாங்க. ஒரு கத்திரிக்காய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "யாரு வெச்சதுங்க இது?"

"ஸ்லோ குக்கருங்க"ன்னன். "எல்லாத்தையும் அப்படியே பச்சையாப் போட்டு மூடிர்றதுங்க. காத்தால இருந்து அதுவா மெதுவா வேகுமுங்க."

"வதக்காமயா?"

"வதக்காமங்க."

"காத்தால இருந்து வெந்தும் கத்திரிக்கா காம்போட முழுசா நிக்குது. ஒண்ணுகூட ஒடையல. தொட்டா எண்ணெ வடியுது. வதக்கவே இல்லீங்கறீங்க?" சிரிச்சுட்டேதான் கேட்டாங்க. ஆனா அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறல. "பக்குவத்தச் சொல்ல விருப்பமில்லீன்னா வேண்டாமுங்க. அதுக்காவ மறைக்கோணுமா?"

மாப்ள எலையப் பாத்துட்டிருக்குது. எம்பொண்ணு என்னையப் பாக்கறா. ஒரு கொழம்புல பொய் சொல்றவ வேற எதுலயெல்லாம் சொல்லியிருப்பாளோன்னு அவங்க நெனச்சா, அதுல தப்பென்ன?

"நான் வதக்குவனுங்க."

யாருன்னு பாத்தா, எங்கூட்டுக்காரரு. கையில சோத்துப் போசியோட நிக்கறாரு. காது ரெண்டும் செவந்து கெடக்குது.

"கம்பெனியில மிசின் வந்து என்னைய வூட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. ஜாப் ஒர்க்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இவ வேலைக்குப் போறா. நான் சமைக்கறன்." ஒரு மூச்சு வுட்டுட்டு, "காம்பக் கிள்ளக் கூடாதுங்க. நாலாக் கீறி, நல்லெண்ணெயில காயத் தனியா வதக்கி எடுத்து வெச்சுரோணும். கொழம்பு கொதிச்சு எறக்கறப்பத்தான் உள்ள போடோணும். அதான் ஒடையறதில்ல."

அத்தன பேரு முன்னால அத்தனையும் அவரு வாயில இருந்து வந்துச்சு கண்ணு. எனக்குக் கண்ணு நெறஞ்சுருச்சு. ஆனாலும் சுதாரிச்சுட்டன். "அப்படிங்களா! நீங்களா வெச்சீங்க?"ன்னு வாயப் பொளந்து நின்னன். மைதிலி முழங்கையில இடிச்சு, "அம்மா, போதும்"னா.

வசந்தாமணியம்மா கொஞ்ச நேரம் அவரையே பாத்தாங்க. போச்சு, கைகழுவி எந்திரிக்கப் போறாங்கன்னு நெனச்சன். "மல்லியும் சீரகமும் வறுத்து அரைச்சீங்களா, பச்சையாவா?"ன்னாங்க.

"வறுத்துங்க. ஆனா கருகப்படாது."

"அதான பாத்தன்."

அவ்வளவுதான். அப்பறம் அவங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சாங்க பாரு, பாயாசம் ஆறிப்போச்சு, தாம்பூலம் காஞ்சுபோச்சு, கொள்ளுல இருந்து கொடம்புளி வரைக்கும் போயிட்டு வந்தாங்க. மாப்ளையோட அப்பா என்ற பக்கம் குனிஞ்சு, "அம்மிணி, உங்கூட்டுக்காரர அடிக்கடி அன்னூர்ப் பக்கம் அனுப்பிச்சு வுட்டுறாதீங்க. எனக்குத் தண்ணி சேந்தறதத் தவர வேற வேல தெரியாது, வம்பாயிரும்"னாரு. போறப்ப நாளும் குறிச்சுட்டுத்தான் போனாங்க. வைகாசியில கல்யாணம்.

எல்லாரும் போனப்பறம் நான் பாத்திரம் வெளக்கறன், அவரு தொடச்சு அடுக்கறாரு. மைதிலி உள்ள பையனோட போன்ல. அந்தச் செவப்புச் சட்டியத் தொடச்சுட்டே, தலையத் தூக்காம, "இத்தன மாசமா அந்த டெக்சாஸ் புள்ளைக்குத்தான் பேரு குடுத்த நீயி. இன்னிக்கிச் சொல்லு. கொழம்பு எப்படி இருந்துச்சு?"ன்னாரு.

என்னன்னு சொல்லுவன் கண்ணு? எங்கம்மா கையில தின்ன மாதிரி இருந்துச்சுன்னு சொல்லலாம். இந்தச் சுத்துப்பட்டு ஊர்லயும் இப்படி ஒரு கொழம்பு இல்லீன்னு சொல்லலாம். எல்லாம் நெஞ்சுல வந்து நிக்குது. சொல்லிப்போட்டா, நாளைக்குச் சட்டையப் போட்டுட்டு உக்காந்துட்டாருன்னா?

"உப்பு கொஞ்சம் தூக்கல்"னன்.

ஒரு நிமிசம் என்னையே பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு பாரு! தோளு குலுங்க, கண்ணுல தண்ணி வர, அந்தச் சட்டியக் கீழ வெச்சுட்டுச் சிரிக்கறாரு. மைதிலி உள்ள இருந்து ஓடி வந்துட்டா. "என்னப்பா, என்ன ஆச்சு"ங்கறா. அவரால சொல்லவே முடியல.

என்னத்துக்கு அப்படிச் சிரிச்சாருன்னு எனக்கு இன்னும் வெளங்கல. போகட்டும். இப்ப வெளிப்படையாவே அடுப்புகிட்ட நிக்கறாரு. நானும் வாய்க்கு வாய் கொறை சொல்றன், அவரும் வாய்க்கு வாய் திருப்பிச் சொல்றாரு. என்ன ஒண்ணு, அன்னிக்கி இருந்து உப்பக் கொறச்சுட்டே வர்றாரு. நான் சொன்ன சொல்ல அப்படி மதிக்கறாரு. நேத்து வெச்ச ரசத்துல உப்புன்னு ஒண்ணு சுத்தமா இல்ல. அவரு தண்ணி மோக்கப் போற நேரமாப் பாத்து, பையில பொட்டலம் கட்டி வெச்சிருக்கற உப்ப எடுத்து ரெண்டு சிட்டிகை போட்டுக்குவன்.

இதா, ஸ்டாண்டு வந்துருச்சு. எந்திரி, பையப் புடிச்சுக்கோ. நேத்து ரசத்த ஊத்திட்டு மூஞ்சியவே பாத்துட்டு நின்னாரு கண்ணு. "இப்பச் சரியா இருக்குதா?"ன்னாரு.

"இன்னும் ஒரு கல்லு கொறைக்கலாமுங்க"ன்னன்.